தட்டில் வைத்துக் கொடுத்த போன்

அந்த முதல் போனை எங்களுக்கு வெற்றிலை பாக்கோடு தட்டில் வைத்துத்தான் கொடுத்தார்கள். எவர்சில்வர் தட்டு, இரண்டு வாழைப்பழம், மஞ்சள் கிழங்கு, குங்குமச் சிமிழ், நடுவில் போன் பெட்டி. பெட்டியின் மூலையில் சந்தனப் பொட்டு வேறு. ஆக்லாந்தில் வெற்றிலை விற்கிற விலைக்கு அதைத் தட்டில் வைப்பதே பெரிய மரியாதை. என் வீட்டுக்காரர் மதன்குமார் குனிந்து இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்ட மனுஷனை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

கொடுத்தவர் பழனிவேல் அண்ணன். ஈரோட்டுக்காரர், எங்களுக்கெல்லாம் ரொம்ப முன்னாலேயே இந்த ஊருக்கு வந்தவர். ஹென்டர்சனில் குளிருக்கு வீட்டைச் சூடாக்குகிற ஹீட் பம்ப் மாட்டுகிற கம்பெனி வைத்திருக்கிறார். வேலைக்கு இருக்கிறவர்கள் எல்லாரும் நம் ஊர்ப் பையன்கள். மதன் ஏசி, கோல்டு ஸ்டோரேஜ் வேலை தெரிந்தவர். அவரை மதுரையிலிருந்து வரவழைத்தது அண்ணன்தான். விசா அவர் கம்பெனியின் பேரில். என் விசா மதனின் விசாவில் தொங்குகிறது. நான் ஏவன்டேலில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளாக வேலை பார்க்கிறேன். ஆகமொத்தம் எங்கள் வீட்டு உலை கொதிப்பது அண்ணன் போட்ட நெருப்பில். அதை அவரும் மறக்கவில்லை, எங்களையும் மறக்கவிடவில்லை.

"புதுசா வந்தவங்களுக்கு மாசப் பில்லு கனெக்‌ஷன் லேசுல தர மாட்டாங்க தம்பி. நீ யாரு, இந்த ஊருல உன்னை யாருக்குத் தெரியும்னு கேப்பாங்க. அதான் நம்ம பேருலயே எடுத்துட்டனுங்க. சம்பளத்துல கொஞ்சங் கொஞ்சமாக் கழிச்சுக்கலாம். செட்டிங்ஸ் எல்லாம் நானே போட்டு வெச்சிருக்கேன். நீங்க பேசுனா மட்டும் போதுமுங்க" என்றார்.

எனக்கும் ஒன்று எடுத்துத் தருகிறேன் என்றார். ஊரிலிருந்து கொண்டுவந்த போனே ஓடுகிறது, விமான நிலையத்தில் வாங்கிய ப்ரீபெய்ட் சிம்மே எனக்குப் போதும் என்று சொல்லிவிட்டேன். அந்தப் புத்தி அன்றைக்கு எங்கிருந்து வந்ததோ, மீனாட்சிக்குத்தான் வெளிச்சம்.

இந்த ஊரில் நம்பர்தான் ஆள். பேங்க்கில் அந்த நம்பர், வரி ஆபீஸில் அந்த நம்பர், டாக்டரிடம் அந்த நம்பர், விசா கணக்கில் அந்த நம்பர். எதைத் திறக்கப் போனாலும் 'உங்கள் போனுக்கு ஒரு கோடு அனுப்பியிருக்கிறோம்' என்று வரும். மதன் அந்தக் கோடு எண்களை வாசித்துச் சொல்வார், நான் தட்டுவேன். அந்த நம்பர் யாருடையது என்று நாங்கள் யோசிக்கவே இல்லை. கையில் இருக்கிறது, பேசுகிறோம், அப்புறம் யாருடையதாக இருக்கும்?

முதல் வருஷத் தீபாவளிக்கு அண்ணன் வீட்டில் எல்லாருக்கும் விருந்து. சாப்பாட்டுக்குப் பிறகு அண்ணன் மனைவி பங்கஜம் அக்கா ஒவ்வொரு ஜோடியாகக் கூப்பிட்டுத் தட்டு கொடுத்தார். தட்டில் புது மாடல் போன். பையன்களுக்குத் தலைகால் புரியவில்லை. போனஸ் என்று நினைத்தோம். 'தீபாவளிக்குத் துணி கொடுப்பார்கள், போன் கொடுக்கிற முதலாளியை எங்கே பார்க்கமுடியும்' என்று மதன் என் மாமியாரிடம் வீடியோவில் பீற்றிக்கொண்டார். அங்கே அந்தம்மா தெருவுக்கே சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம்தான் அண்ணனுக்கு எங்களைப் பற்றித் தெரிய ஆரம்பித்தது.

ஒரு சனிக்கிழமை மதனும் நானும் ஒனிஹங்காவுக்குப் போயிருந்தோம். துறைமுகத்துப் பக்கம் ஒரு மீன் கம்பெனியின் கோல்டு ரூமில் ஆள் கேட்கிறார்கள் என்று யாரோ சொல்ல, சும்மா விசாரித்துவிட்டு வரலாம் என்று போனது. ஒரு ஈ காக்காயிடம் சொல்லவில்லை. திங்கட்கிழமை வேலைக்குப் போன மதனிடம் அண்ணன் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டே கேட்டாராம், "ஒனிஹங்காவுல மீனு நல்லா கெடைச்சுதுங்களா தம்பி?"

"யாராவது பாத்துச் சொல்லியிருப்பாங்க" என்றார் மதன்.

"யாரு? அந்த மீனா வந்து சொல்லுச்சு?" என்றேன்.

மதனுக்கு உறைக்கவில்லை. அவருக்கு எல்லாரும் நல்லவர்கள். அதுதான் அவருக்கு நோய்.

அப்புறம் ஒருநாள் மதன் துணிந்து அண்ணனிடமே கேட்டார். வேலைக்குச் சேர்ந்து நாளாயிற்று, வேறு இடம் பார்க்கலாமா என்று யோசிக்கிறேன் என்றார். அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். முதுகில் தட்டிக்கொடுத்தாராம். "தாராளமாப் போங்க தம்பி. உங்க வளர்ச்சி எனக்குச் சந்தோசந்தானுங்க. அந்த போன் காண்ட்ராக்ட் மட்டும் முடிஞ்சுரட்டும். நடுவுல உடைச்சா பெனால்டி போடுவாங்க, அது என் தலையில விழும். தீவாளி தாண்டுனா முடிஞ்சுரும், அப்புறம் போங்க" என்றாராம். மதன் நெகிழ்ந்துபோய் வீட்டுக்கு வந்தார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். தீபாவளி வந்தது. தட்டும் வந்தது, தட்டில் புதுப் போனும் வந்தது. என் வீட்டுக்காரர் அதையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இந்த வருஷம் மதன் என் பழைய போனிலிருந்து கிறைஸ்ட்சர்ச்சில் ஒரு கம்பெனிக்கு எழுதினார். பெரிய கோல்டு ஸ்டோரேஜ், விசாவையும் அவர்களே மாற்றித் தருவார்கள். எழுதியது என் போனில், ஆனால் விண்ணப்பத்தில் கொடுத்த நம்பரும் மெயிலும் அவருடையவை. வேறு எதைக் கொடுப்பது? வீடியோவில் இன்டர்வியூ நடந்தது. மேனேஜருக்குப் பிடித்துவிட்டது. மூச்சுவிடாமல் இருந்தோம். கோயில் பஜனையில் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தாளம் தட்டிக்கொண்டே என் பக்கம் சாய்ந்து, "கிறைஸ்ட்சர்ச்சுல குளிரு ஜாஸ்திங்க அம்மிணி. பல்லு கிட்டிப் போயிரும்" என்றார். மறுபடி தாளம் தட்டத் தொடங்கினார்.

கிறைஸ்ட்சர்ச்சுக்குப் போகவேண்டிய அவசியமே இல்லை, எனக்கு அங்கேயே பல் கிட்டியது.

எங்கள் மாடியில் தனுஷா குடியிருக்கிறாள். மலேசியாவில் கிள்ளான்காரி, ஹென்டர்சன் மாலில் ஒரு போன் கடையில் வேலை. அடுத்த நாள் அவள் கடைக்கே போய் நின்றேன். விஷயத்தைக் கேட்டதும் அவள் முதலில் கம்ப்யூட்டரை என் பக்கம் தெரியாதபடி திருப்பிக்கொண்டாள்.

"அக்கா, அந்தாளு கணக்க நான் தொறக்க மாட்டேன். தொறந்தா எனக்கு வேல போயிரும் லா. பொதுவா எப்படின்னு சொல்றேன், நீங்களே பாத்துக்கோங்க" என்றாள்.

அவள் சொல்லச் சொல்லத்தான் எனக்குப் புரிந்தது. தீபாவளிக்குத் தீபாவளி வந்த புதுப் போன் போனஸ் இல்லை. புதுப் போன் எடுத்தாலே காண்ட்ராக்ட் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். முடியப்போகிற நேரத்தில் ஒரு புது மாடலைத் தட்டில் வைத்துவிட்டால் போதும், அது முடியவே முடியாது. நடுவில் முறிக்கலாம். அபராதம் கட்டவேண்டும். ஆனால் அதைக் கட்டுகிறேன் என்று நாங்கள் போய்ச் சொன்னாலும் எடுபடாது, கணக்கு யார் பேரிலோ அவர்தான் சொல்லவேண்டும்.

"அப்ப நம்பரையாவது எங்க பேருக்கு மாத்திக்கலாம்ல?"

"அதுக்கும் அவருதான் சரின்னு சொல்லணும் அக்கா. நம்பர் யாரு பேருல இருக்கோ அவங்களோடது. நீங்க சும்மா வச்சிருக்கீங்க, அவ்ளோதான். இன்னொன்னும் சொல்றேன், பயப்படாதீங்க. அவரு நெனைச்சா புது சிம்மு ஒன்னு எடுத்து அந்த நம்பர அதுல போட்டுக்கலாம். கொஞ்ச நேரத்துல இங்க லைன் போயிரும், அங்க வந்துரும்."

"செட்டிங்ஸ் எல்லாம் அவரே போட்டுக் கொடுத்தாரே, அது?"

தனுஷா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ஆஸ்பத்திரியில் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் நிமிர்வாரே, அந்தப் பார்வை. "அவரோட அக்கவுண்ட போட்டிருந்தா, அந்த போன் எங்க போகுதுன்னு அவருக்குத் தெரியும் அக்கா. படம் தெரியும். என்னென்னமோ தெரியும்" என்றாள்.

வீட்டுக்கு வந்து மதனிடம் கத்தினேன். இன்றைக்கே நம்பரை மாற்று, எல்லா இடத்திலும் மாற்று, இந்தச் சனியனைக் கொண்டுபோய் அவர் வாசலிலேயே வீசிவிட்டு வா என்றேன். மதன் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார். அவருக்கும் இப்போது உறைத்துவிட்டது.

"வேலை உறுதின்னு மெயில் வந்துருச்சு ஸ்வர்ணா. திங்கக்கிழமை காலையில போன் பண்ணி ஒரு தடவை கேப்பாங்க, நான் சம்மதம்னு சொல்லணும். அவ்வளவுதான். நடுவுல நம்பரை மாத்தினா அவங்களுக்கும் குழப்பம், விசாவுக்கும் குழப்பம். ரெண்டு நாள் பொறுத்துக்க. சம்மதம் சொன்ன அடுத்த நிமிஷம் நானே தூக்கிப் போடறேன்."

"நாளைக்குத் தீபாவளி விருந்து."

"தட்டை வாங்கிக்க. சிரி. சாப்பிட்டுட்டு வந்துடலாம்."

வாங்கிக்கொள், சிரி. கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் யாரும் இவ்வளவு கஷ்டமான காரியத்தைக் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். காலையிலிருந்தே மழை. அண்ணன் வீட்டு வாசலில் கார்கள் வரிசையாக நின்றன. உள்ளே அதிரசம், பால் பாயசம், பையன்களின் சிரிப்பு. அண்ணன் பட்டு வேட்டியில் இலைக்கு இலை வந்து விசாரித்தார். "இன்னும் கொஞ்சம் வெச்சுக்கங்க கண்ணு, கூச்சப்படாதீங்க." சாப்பிட்டு முடித்ததும் பங்கஜம் அக்கா பூஜை அறை வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தார். ஒவ்வொரு ஜோடியாகப் போய்க் குனிந்தார்கள். எங்கள் முறை வந்தது.

அதே எவர்சில்வர் தட்டு. வாழைப்பழம், மஞ்சள், வெற்றிலை, நடுவில் பெட்டி. இந்த முறை வெற்றிலை கொழுந்தாகப் பளபளவென்று இருந்தது. மதன் கையை நீட்டினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம் அக்கா. இருக்கற போனே நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

சிரித்துப் பேசிக்கொண்டிருந்த பையன்கள் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். மங்கலத் தட்டை மறுப்பது என்றால் நம் ஆட்களிடம் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் மறுத்தேன். வாங்கியிருந்தால் மட்டும் அவர் விட்டிருப்பார் என்று நினைக்கிறீர்களா? கிறைஸ்ட்சர்ச் குளிர் வரைக்கும் தெரிந்துவைத்திருந்த ஆள். இரண்டு வருஷமாக விழுங்கியது அன்றைக்குத் தொண்டையில் நின்றுவிட்டது, அவ்வளவுதான்.

அண்ணன் சிரித்தார். "பரவால்லீங்க அம்மிணி. வேண்டாம்னா வேண்டாம். நம்மகிட்ட கட்டாயமே கெடையாது" என்றார். தட்டிலிருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து நிதானமாக உரித்துத் தின்றார். தோலைத் தட்டிலேயே வைத்தார். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு பின்பக்கக் கதவைத் திறந்து மழையைப் பார்த்தபடி யாரிடமோ பேசத் தொடங்கினார்.

நான் கை கழுவ அடுப்படிக்குப் போனேன். பின்னாலேயே வந்த பங்கஜம் அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார். அவர் கை சில்லென்று இருந்தது.

"வாங்கிட்டுப் போயிருக்கலாமில்ல சாமி" என்றார் மெதுவாக.

"நீங்களும் இதுக்குக் கூட்டாக்கா?"

அவர் தன் இடுப்பில் செருகியிருந்த போனைத் தொட்டுக் காட்டினார். "என்னோடதும் அவரு பேருலதான்" என்றார். எனக்கு ஒரு டப்பாவில் அதிரசம் போட்டுக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

திங்கட்கிழமை காலை. மதன் காய்ச்சல் என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. நான் டூட்டியை மாற்றிக்கொண்டேன். போனைச் சாப்பாட்டு மேஜை நடுவில் வைத்து இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம், குழந்தை எப்போது விழிக்கும் என்று தொட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்காருவதைப்போல. மதன் சட்டை மாற்றி, தலை சீவி, நெற்றியில் திருநீறு பூசியிருந்தார். போன் கால்தான் என்று தெரிந்தும் பூசியிருந்தார்.

போன் அடிக்கவில்லை.

"சார்ஜ் இருக்கா பாருங்க" என்றேன். எடுத்துப் பார்த்தார். சார்ஜ் இருந்தது. மூலையில் சிக்னல் இருக்கவேண்டிய இடத்தில் 'நோ சர்வீஸ்' என்று இருந்தது. அணைத்துப் போட்டார். சிம்மைக் கழற்றித் துடைத்து மாட்டினார். ஜன்னல் பக்கம் கொண்டுபோனார். என் போனில் சிக்னல் நன்றாக இருந்தது.

"இருங்க, நான் அடிச்சுப் பாக்கறேன்" என்று என் போனிலிருந்து அவர் நம்பருக்கு அடித்தேன்.

ரிங் போயிற்று.

மேஜைமேல் இருந்த போன் சும்மா கிடந்தது. என் காதில் ரிங் போய்க்கொண்டே இருந்தது. மதன் என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கட் ஆயிற்று. மறுபடி அடித்தேன். இந்த முறை பிஸி. என் வீட்டுக்காரர் என் எதிரில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அவர் நம்பரில் யாரோ யாரிடமோ பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"மெயிலைப் பாருங்க. மெயிலைப் பாருங்க!" என்று கத்தினேன்.

வீட்டு வைஃபையில் மெயிலைத் திறந்தார். பாஸ்வேர்டு தவறு. மறுபடி போட்டார், தவறு. பாஸ்வேர்டை இன்று காலைதான் மாற்றியிருக்கிறீர்கள் என்றது. மறந்திருந்தால் உங்கள் போனுக்கு ஒரு கோடு அனுப்புகிறோம் என்றது. அனுப்பியும்விட்டது. அந்தக் கோடு எங்கே போய் இறங்கியிருக்கும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

நல்லவேளை, கம்பெனியின் நம்பர் என் போனில் இருந்தது. மதன் அதில் கூப்பிட்டார். நான் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். எடுத்த பெண் ஆள் எடுக்கிற பிரிவில் வேலை பார்க்கிறவள். நல்ல பெண்ணாகத்தான் பேசினாள், அவளைக் குறை சொல்லமாட்டேன். மதன் தன் பெயரைச் சொன்னார்.

இப்போதுதான் மதன்குமாரிடம் பேசினேனே என்றாள். குடும்பச் சூழ்நிலை சரியில்லை, ஆக்லாந்தை விட்டு வர முடியாது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ரொம்ப மரியாதையாகச் சொன்னாரே. மெயிலும் அனுப்பிவிட்டாரே.

"அது நான் இல்லை. நான்தான் மதன்குமார்" என்றார் மதன்.

அவரும் அப்படித்தான் சொன்னார் என்றாள் அந்தப் பெண். உங்கள் குரல்போலத்தான் இருந்தது என்றாள். இருக்காதா? அவள் காதுக்கு ஈரோடும் மதுரையும் ஒன்றுதானே. நான் குறுக்கே புகுந்தேன். வீடியோவில் பாருங்கள், பாஸ்போர்ட்டைக் காட்டுகிறோம் என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கத்தினேன். இன்டர்வியூ எடுத்த மேனேஜர் லீவில் இருக்கிறார், இவர் முகம் எனக்குத் தெரியாது, பாஸ்போர்ட் சரிபார்ப்பதெல்லாம் என் வேலையில்லை என்றாள். அடுத்த ஆள் காத்திருக்கிறார், இன்று மாலை அலுவலகம் மூடும்வரை அவருக்குச் சொல்லாமல் இருக்கிறேன், அதற்கு மேல் என்னால் முடியாது, இதையே மெயிலிலும் போட்டுவிடுகிறேன் என்றாள். கடைசியில் அவள் சொன்னதுதான் எனக்கு இன்னும் காதில் நிற்கிறது. ரொம்பச் சின்ன விஷயம், கஷ்டப்படவே வேண்டாம் என்பதுபோலச் சொன்னாள்.

"எங்களிடம் பதிவாகியிருக்கிற உங்கள் நம்பரிலிருந்து ஒரு தடவை கூப்பிட்டுவிடுங்கள், போதும். நீங்கள்தான் என்று உறுதி செய்துகொள்கிறேன்."

நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

மதன் திருநீறு பூசிய நெற்றியைக் கையில் தாங்கி உட்கார்ந்துவிட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் நம்பரை மறுபடி அழுத்தினேன். முதல் ரிங்கிலேயே அண்ணன் எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க அம்மிணி. அதிரசமெல்லாம் தீந்துருச்சுங்களா?"

"த்தூ! நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா? அடுத்தவன் பேரைச் சொல்லி, அவன் வேலையை வேண்டாம்னு சொல்றதுக்கு நீ யாரு? உன்னை போலீஸ்ல..."

"போங்க. தாராளமாப் போங்க" என்றார். குரல் கொஞ்சம்கூட உயரவில்லை. பின்னால் டிவியில் ஏதோ பக்திப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "ஆனா என்னன்னு சொல்லுவீங்க? எம் பேருல இருக்கற நம்பரு. அதுக்கு ஒரு போன் வந்துச்சு, எடுத்துப் பேசுனேன். நான் யாருன்னு அந்தப் புள்ள கேக்கவுமில்ல. போலீசு விசாரிச்சு முடிக்கட்டும், ஒண்ணும் அவசரமில்லீங்க. தம்பிக்குத்தான் சாயந்தரம்வரைக்குந்தான் டைம் இருக்குதாட்ட இருக்குது."

மதனும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தேன்.

"கோவப்படாதீங்க அம்மிணி. உங்களையெல்லாம் எங்கூடப் பொறந்ததாட்டத்தான் நெனைக்கறேன். நேத்து நீங்க வாங்காமப் போனதுல பங்கஜம் ராத்திரி சோறே திங்கல. தட்டு அப்படியேதான் இருக்குது, எடுத்து வெக்கல. தம்பியக் கூட்டிக்கிட்டு வாங்க. வாங்கிக்கங்க. வேலைக்கும் இன்னொரு ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டாருன்னா, லைனு தானா வந்துரும். அப்புறம் அவரு யாருகிட்ட வேணும்னாலும் பேசிக்கட்டும்."

வைத்துவிட்டார். எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள். அவருக்கு எதைப் பிடுங்கவேண்டும் என்று வந்த நாளிலேயே தெரிந்திருக்கிறது.

மதன் எழுந்து கார் சாவியை எடுத்தார்.

"எங்க போறீங்க?"

"லைன் வந்ததும் அங்க இருந்தே அவங்களுக்குப் பேசிடறேன் ஸ்வர்ணா. நான்தான்னு சொல்லிடறேன். கையெழுத்து போட்டா போட்டதுதான், அதை அப்புறம் பாத்துக்கலாம்."

"அவர் கொடுக்கற போன்ல, அவர் வீட்டு வாசல்ல நின்னு, அவரை விட்டுப் போறேன்னு சொல்லப்போறீங்க? கையெழுத்தையும் போட்டுட்டு? கூறு இருக்கா உங்களுக்கு?"

"வேற வழி இருந்தா சொல்லு" என்றார். அழுதுகொண்டிருந்தார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் அழுது நான் பார்த்ததில்லை. தனியாக விட்டால் இந்த மனுஷன் மறுபடி இரண்டு கையையும் நீட்டிவிடுவார் என்று மட்டும் தோன்றியது. என் பழைய போனை எடுத்துக்கொண்டு நானும் காரில் ஏறினேன்.

மழை இன்னும் விடவில்லை. ஏவன்டேல் குதிரைப் பந்தய மைதானத்தைத் தாண்டினோம். ஞாயிற்றுக்கிழமைச் சந்தை முடிந்து கிடந்த கீரைத் தண்டுகள் ஓரத்தில் மிதந்தன. சிக்னலில் நின்றபோது என் மடியில் இருந்த போன் அதிர்ந்தது.

திரையில் 'என்னவர்' என்று வந்தது. மதன் நம்பரை நான் அப்படித்தான் சேமித்து வைத்திருக்கிறேன். பக்கத்தில் அவருடைய படம், மீனாட்சி கோயில் பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற படம். கீழே மெசேஜ்.

'கெளம்பியாச்சுங்களா? ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்க. அம்மிணிக்கும் ஒரு போன் எடுத்து வெச்சிருக்கேன்.'

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. மதன் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

"யாரு ஸ்வர்ணா, மெசேஜ்ல?" என்று கேட்டார்.

"நீங்கதான்" என்றேன்.